பிசுக்கு என்று நான் தேய்த்துக் கழுவிய கிளவுஸ்

நனைந்த ரப்பரும் வியர்வையும் கலந்த ஒரு நாற்றம்... கோல்கீப்பர் கிளவுஸுக்கு மட்டுமே உள்ள நாற்றம் அது. நேற்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது திடீரென்று அது மூக்கில் ஏறியது. சிவகிரி பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்ஃபில் ஒரு சின்ன ஃபுட்பால் கிளப்பில் வேலை. ஜெர்சி, சாக்ஸ், கிளவுஸ் எல்லாம் துவைத்துக் காயவைத்து எடுத்துவைக்க வேண்டும். போய் இருபது நாள்தான் ஆகியிருந்தது. கூட வேலை பார்த்தவர் கடையநல்லூர் காதர் பாய்.

கோல்கீப்பர் ஒரு துருக்கிக்காரர். தன் நாட்டில் பெரிய கிளப்களுக்கு ஆடியவர். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரே ஒரு வருஷம் கான்ட்ராக்ட் கிடைத்தால் போதும் என்று இருந்தார். எந்த ஊர் என்று கேட்டார், சங்கரன்கோவில் என்றேன். அதில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அன்றுமுதல் நான் 'சங்கர்'. என் பெயர் மாரியப்பன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

மேட்சுக்கு முந்தின நாள் புது கிளவுஸ் ஒன்றைக் கொடுத்து, லேசாக அலசித் தரச் சொன்னார். உள்ளங்கைப் பக்கம் தொட்டால் விரலில் ஒட்டியது...

எங்கள் வீடு தறிக்காரர் வீடு. கையில் பிசுக்கு இருந்தால் அப்பா தறியில் ஓடும் பாவு நூல் பக்கமே விடமாட்டார். எனக்குப் பிசுக்கு என்றால் அழுக்கு, அவ்வளவுதான். வெந்நீரில் சோப்புத் தூளைப் போட்டு, பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்து, நல்ல வெயிலில் காயப்போட்டேன். சாயங்காலம் வழவழவென்று இருந்தது. பெருமையாக அவர் பையில் வைத்தேன்.

மறுநாள் மேட்ச். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நேரத்தில் நேராக அவர் நெஞ்சுக்கு ஒரு பந்து வந்தது. சின்னப் பிள்ளை பிடித்துவிடும். அது அவர் கையிலிருந்து வழுக்கி, காலுக்கு நடுவே உருண்டு... கோல்.

மேட்ச் முடிந்ததும் காதர் பாய் கிளவுஸைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே, இத என்னல செஞ்ச?"

"பிசுபிசுன்னு இருந்துச்சு பாய்... தேச்சுக் கழுவுனேன்."

"அந்தப் பிசுக்குதாம்ல பந்தப் புடிக்கும். வெளிய மூச்சு விட்றாத. ஊருக்கு ஏத்தி விட்ருவானுவ."

நான் மூச்சு விடவில்லை.

மேனேஜரிடம் கோல்கீப்பர், தப்பு தன் கைமேல்தான் என்று சொல்லிவிட்டார். கான்ட்ராக்ட் கிடைக்கவில்லை. அத்தோடு அவர் ஆட்டமே முடிந்தது. கிளம்பும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நேற்று போனில் வந்தது அவருடைய பேட்டி. தலை முழுக்க நரை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. அந்தக் கடைசி கோலைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சொன்னார்:

"கிளவுஸை மாட்டியதுமே தெரிந்துவிட்டது. பையில் பழைய ஜோடி இருந்தது. ஆனால் துவைத்துத் தந்த ஆள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவன் முன்னால் கழற்ற மனசு வரவில்லை. சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்."

அவருக்குத் தெரியும். மேட்சுக்கு முன்பே தெரியும்...

அன்று வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. இன்று பறிபோக வேலையும் இல்லை, விசாவும் இல்லை. ஊரில் சொந்தமாக லாண்டரி வைத்திருக்கிறேன். ஒரு பட்டன் உடைந்தால்கூட கஸ்டமர் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இங்கே துருக்கி மொழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போன் மொழிபெயர்த்துத் தருவதை நம்பி அவருக்கு அனுப்ப மனசில்லை. பெரிய கடிதமெல்லாம் வேண்டாம்.

"அழுக்கு என்று நினைத்துத்தான் தேய்த்தேன்."

இந்த ஒரு வரி போதும்.