அவர் வாயால் சொல்லாத பாஸ்வேர்ட்

திகனயில் எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டால், என் கணவர் வாயால் சொல்லமாட்டார். போனை வாங்கி அவரே போட்டுக் கொடுப்பார்.

அவர் மவுத்தாகி, கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் நான் வீட்டோடு இருந்தபோது என் போன் பழுதானது. புதுப் போன் பாஸ்வேர்ட் கேட்டது. கட்டாரிலுள்ள மகனின் முகத்தைப் பார்க்க வேறு வழியில்லை. அவருடைய போனையோ, எல்லாவற்றையும் அழித்து யாருக்காவது கொடுத்துவிடும்படி என் தம்பியிடம் கொடுத்திருந்தேன். நல்ல வேளை, அவன் இன்னும் அழிக்கவில்லை.

“வைஃபை செட்டிங்ஸ்ல ஷெயார் அமத்தினா காட்டும் ராத்தா, இந்தா பாருங்க” என்று நீட்டினான்.

நுஸ்ரா என்றும், பின்னால் ஒரு வருடமும் இருந்தன. பிறந்த அன்றே மவுத்தான எங்கள் மகளின் பெயர். நான் அழுவேன் என்று அவர் அந்தப் பெயரை என் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது யார் பாஸ்வேர்ட் கேட்டாலும், நானே வாய்விட்டுச் சொல்கிறேன்.