மலையடியில் தயங்கிய கார்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை செங்குத்தாக நிற்கும். மழைக்காலத்தில் எங்கோ ஒரு கல் உருளும் சத்தம் கேட்டால் இருளாயியின் கை சோற்றுத் தட்டிலேயே நின்றுவிடும். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். அங்கே மேலே பார்த்தால் இலைதான் தெரியும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கணவன் ஐயாவுடன் ஈப்போவுக்கு வந்து இந்த மலையடியில் குடியேறினாள்.

ஐயாவு ஒரு பழைய மோரிஸ் மைனர் வைத்திருந்தான். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை அதில் ஏற்றி இறக்கினான். பெர்மிட் இல்லாத வாடகை வண்டி. ஊரில் அதைச் சாப்பு கார் என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வாக்கில் சர்க்கரை நோய் அவன் கண்ணைப் பிடித்தது. ஒரு நாள் எதிரே வந்த பஸ் கடைசி நொடியில்தான் தெரிந்தது. காரை ஓரங்கட்டிவிட்டு வீடுவரை நடந்தே வந்து, சாவியை இருளாயியின் மடியில் போட்டான். தோட்டத்துச் செம்மண் பாதையில் முன்பு அவன் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த கார் ஓட்டும் வித்தை அவளுக்குப் பிழைப்பானது. லைசென்ஸ் எடுத்தாள். அவளை நம்பி முதலில் ஏறியவள் பக்கத்து வரிசை நவமணி. பிறகு ஜெய்னம்புவும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள்.

ஈரக் காலைகளில் மட்டும் வண்டி தயங்கும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் கிர்ரென்று சுற்றும், பற்றாது. கொஞ்சம் விட்டுத் திருப்பினால் இருமும். அதற்குள் இருளாயிக்கு வியர்த்துவிடும். பெண்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்; அவள் கண்ணாடி வழியே மலையைப் பார்ப்பாள்.

எழுபத்தெட்டில் ஒரு நாள் இரவு முழுக்க மழை கொட்டியது. விடிந்தபின்னும் தூறல் விடவில்லை. நவமணி வீட்டு முனையில் எல்லாரும் ஏறியாகிவிட்டது. காத்திருக்கையில் அணைத்த வண்டி மறுபடி பற்றவில்லை. சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நவமணி முணுமுணுத்தாள். இருளாயி மறுபடி திருப்பினாள். சுற்றியது, அடங்கியது. அந்த அமைதியில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் மேலிருந்து கேட்டது.

எதிரே, சாலை மலையை ஒட்டித் திரும்பும் இடத்தில், வீடு அகலத்துக்கு ஒரு பாறை சரிந்து விழுந்தது. காரின் கண்ணாடிகள் அதிர்ந்தன. வெள்ளைத் தூசி மழையிலும் எழும்பி முன்கண்ணாடியை மூடியது. வண்டி உடனே கிளம்பியிருந்தால் அந்தத் திருப்பத்தில்தான் இருந்திருக்கும். பின்னாலும் சிறு கற்கள் உதிரத் தொடங்கின. இருளாயி சாவியைத் திருப்பினாள், திருப்பினாள். பற்றவே இல்லை. கடைசியில் கதவுகளைத் திறந்துபோட்டுவிட்டு எல்லாரும் செருப்பில்லாமல் ஓடினார்கள்.

ஒருவருக்கும் அடிபடவில்லை. காரும் தப்பியது. மறுநாள் அதன் முன்பக்கத்தில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் தொங்கின. வண்டிக்குள் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள், அவள்தான் பிடித்து நிறுத்தினாள் என்று நவமணி தெருவெல்லாம் சொன்னாள். கும்பிட்டுவிட்டு ஏறுகிறவர்களும் வந்தார்கள்.

இருளாயிக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. பற்றாத வண்டிக்குள் உட்கார்ந்து தலைக்கு மேலே கல் வரக் காத்திருந்ததுதான் அவள் உடம்பில் தங்கியிருந்தது. பட்டறைக்காரர் ராஜுவிடம் காரைக் கொண்டுபோனாள். அவர் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்து அனுப்பும் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். முடி அளவுக்கு ஒரு விரிசல்.

"ஈரம் இதுக்குள்ள போவுது அக்கா. நெருப்புப் பொறி பிளக்குக்குப் போவாம வழியிலேயே செத்துருது. காஞ்சா சரியாயிரும், அவ்வளவுதான்லா."

அந்த விரிசலை வெகுநேரம் பார்த்தாள். அது ஒருமுறை அவர்களைக் காத்தது. இன்னொரு முறை கல் திருப்பத்தில் விழாமல் நின்ற இடத்திலேயே விழுந்தால்? மூடியை மாற்றப் போவதாக நவமணியிடம் சொன்னாள்.

"வேணாங்க்கா," என்றாள் நவமணி. அவள் முகம் வெளுத்துவிட்டது. "உசுரக் காப்பாத்துன சாமானை யாராச்சும் கழட்டிப் போடுவாங்களா?"

இருளாயி யாரிடமும் சொல்லாமல் மாற்றினாள்.

அடுத்த மழைக் காலையில் பெண்கள் ஏறி, வழக்கம்போலக் காத்திருக்கத் தயாரானார்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பற்றிக்கொண்டது. நவமணி கதவைத் திறந்து இறங்கினாள். அம்மன் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னாள். மற்ற இருவரும் பின்னாலேயே இறங்கினார்கள். ஜெய்னம்பு மட்டும் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீயும் போறியா என்று இருளாயி கேட்டாள்.

"எனக்கும் பயம்தான்க்கா. எறங்கி நின்னாலும் மலைக்கு அடியிலதானே நிப்பேன்? ஓட்டுங்க, போலாம்."

திருப்பத்தை நெருங்கியபோது இருளாயி கியரைக் குறைத்தாள். பாறையை அகற்றிய இடத்தில் மண் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. ஜெய்னம்பு ஏதோ ஓதிக்கொண்டே வந்தாள். வண்டி கடந்துவிட்டது.

அன்று மாலை இருளாயி நவமணி வீட்டுக்குப் போய் மூடியை மாற்றியதைச் சொன்னாள். நவமணி கோபித்துக்கொண்டு பல வாரம் பஸ்ஸில் போனாள்; மற்ற இருவரும் சில நாளில் வண்டிக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த நாட்களில்தான் இருளாயிக்கு ஒரு பழக்கம் வந்தது. எல்லாரும் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி மலையைப் பார்ப்பாள், காது கொடுப்பாள். பிறகுதான் சாவியைத் தொடுவாள். இதைக் கேள்விப்பட்டு நவமணி திரும்பி வந்தாள். இருளாயி மலையைப் பார்க்கும்போது அவள் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிடுவாள்.

எண்பத்து நான்கில் காரை விற்றுவிட்டுப் பீடோருக்குக் குடிபோனார்கள். வீட்டைச் சுற்றி எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம், சமவெளி. ஆனாலும் மழை கனத்தால் இருளாயி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பாள். பார்வை முழுக்கப் போயிருந்த ஐயாவுக்கு அவள் காலடிச் சத்தமே போதும்.

"இங்க மல இல்ல புள்ள, உள்ள வா," என்பான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அவள் உள்ளே போவாள்.