பியோர்னுக்கு இறைச்சி

இந்த டென்மார்க்கில் பிள்ளைக்குக் கரடி என்று பெயர் வைக்கிறார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் நான் புளுகுகிறேன் என்று நினைக்கக்கூடும். ஒடென்சேயிலும் டோஸ்ட்ருப்பிலும் இருக்கிற நம்மவர்களுக்குத் தெரியும், பியோர்ன் என்றால் கரடி. எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் ஒரு பியோர்ன், பல் வைத்தியர் இன்னொரு பியோர்ன். எண்பத்தைந்தாம் ஆண்டில் எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. அது ஆம்பிளைப் பெயர் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் வந்த கூத்து இது.

அப்போது ஒடென்சேக்கு வெளியே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் நின்று வெட்டுபவர் ஹென்னிங். ஐம்பது வயது, ஆள் பெரியவர், பேச்சுக் குறைவு. வெள்ளிக்கிழமைகளில், எறியப்போகிற கொழுப்பையும் எலும்போடு ஒட்டிய இறைச்சியையும் மேலாளரிடம் கேட்டு ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போவார். யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன். "பியோர்னுக்கு" என்றார். "பழையதுதான் அவனுக்குப் பிடிக்கும். மணக்கவேண்டும்."

கரடி என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. டென்மார்க்கில் கரடி இல்லை. இருந்தாலும், நான் பிறந்த வன்னிக் காட்டோரத்தில் எங்களுக்குத் தெரிந்த கரடி பாலைப்பழத்துக்கு மரம் ஏறும், புற்றைக் கிண்டிக் கறையான் தின்னும், தேன் கூட்டைப் பிய்க்கும். இறைச்சி வைத்துக் கரடியைக் கூப்பிடலாம் என்று அங்கே யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். ஆகவே பியோர்ன் ஒரு மனிதன்தான், வேலை இல்லாத, துணை இல்லாத ஏழை மனிதன் என்று முடிவு கட்டிவிட்டேன். அறைக்கு வந்து, என்னோடு தங்கியிருந்த தவத்திடம் சொன்னபோது அவனுக்கும் மனம் பொறுக்கவில்லை.

"பாவமடாப்பா. உந்தப் பழசைத் திண்டால் வயித்தால அடிச்சுச் சாகப்போறான். நாங்கள் நல்லதாக் கறி வைச்சுக் குடுப்பம்."

"ஓம். ஆனால் தூளைக் குறைச்சுப் போடு, வெள்ளைக்காரன் தாங்கமாட்டான்."

தவம் குறைக்கவில்லை. துருக்கிக்காரரின் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சி, ஊரிலிருந்து வந்த வறுத்த தூள். அடுத்த வெள்ளிக்கிழமை, வாளிக்குப் பக்கத்தில் கறிச் சட்டியை வைத்தேன். எனக்குத் தெரிந்த டேனிஷில், "இது பியோர்னுக்கு. பியோர்னும் மனிதன்தானே" என்றேன். ஹென்னிங் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். பிறகு கைகளை நகம் மாதிரி வளைத்து உறுமிக் காட்டினார். மண்டபமே சிரித்தது. எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. சிரிக்காமல் நின்றவர் அவர் ஒருவர்தான். "முன்பின் தெரியாத ஒருவனுக்காகவா சமைத்தாய்?" என்று கேட்டுவிட்டு, எல்லாருக்கும் முன்னால் இருந்து, மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக அதை முழுவதும் சாப்பிட்டார். "இன்றைக்கு நான்தான் பியோர்ன்" என்றார். அன்றிலிருந்து அந்த மனிதரில் எனக்கு ஒரு மரியாதை, இன்றுவரை குறையவில்லை.

செப்டெம்பரில், வாளி வாளியாகச் சேர்த்து வைத்த இறைச்சியோடு என்னைச் சுவீடனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வடக்கே, அவருடைய மைத்துனரின் காடு. கரடி சுட அவருக்கு அனுமதி இருந்தது. பல வருடங்களாகப் போயும் ஒன்று கிடைக்கவில்லை. வெட்டவெளியில் இறைச்சியைப் போட்டு, அதன் மேல் பாரமான மரக்கட்டைகளை அடுக்கினார். எதிரே பலகைக் குடிலுக்குள் இருவரும் இருந்தோம். பின்னேர வெயில் இன்னும் இருந்தது. சாப்பாடு காட்டிக் கூப்பிட்டுச் சுடுவது அநியாயமில்லையா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஓடுகிற கரடியைச் சுட்டால், யாரைச் சுட்டோம் என்று பிறகுதான் தெரியும். கட்டையைப் புரட்டுகிற கரடி நிற்கும். ஆணா, பெண்ணா, பின்னால் குட்டி வருகிறதா என்று பார்க்கலாம். இறைச்சி அதற்குத்தான், பார்ப்பதற்கு."

எனக்கு எங்கள் ஊர்ச் சந்தி நினைவுக்கு வந்தது. முந்தின வருடம், நான் இங்கே பனியில் சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் ஊருக்குள் ஒலிபெருக்கி கட்டிய இராணுவ வாகனம் ஒன்று வந்தது. சந்தியில் மாவும் சீனியும் தருகிறோம், ஆண்கள் வந்து வாங்கிப் போகலாம் என்றார்கள். கடைகள் பூட்டிக் கிடந்த நேரம். என் அண்ணன் பையை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. சந்தியில் நின்றவர்களை யார் எவர் என்று பார்க்காமல் லொறியில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. இதை ஹென்னிங்கிடம் சொல்ல என்னிடம் டேனிஷ் இருக்கவில்லை. அந்தக் கரடி சாகக்கூடாது என்ற ஒரே நினைப்போடு, கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

கரடி வந்தது. எங்கள் கரடியைவிடப் பெரிய, மண்ணிறக் கரடி. மோந்து பார்த்தது, ஒரு கட்டையைப் புரட்டியது. ஹென்னிங் துவக்கைத் தோளில் வைத்தார். வைத்தபடியே பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வாய் தானாக ஏதோ முணுமுணுத்தது. அப்போது பற்றைக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் உருண்டு வந்தன. "மோர்" என்று மெதுவாகச் சொல்லித் துவக்கைத் தாழ்த்தினார். மோர் என்றால் இவர்கள் மொழியில் தாய். அத்தனை வருடம் காத்திருந்த மனிதரின் முகத்தில் ஏமாற்றம் துளியும் இல்லை. மூன்றும் தின்று முடித்துக் காட்டுக்குள் போகும்வரை சின்னப்பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

துவக்கிலிருந்து ரவையைக் கழற்றும்போது, "நீ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாயே, என்ன அது?" என்று கேட்டார்.

"கிட்டப் போகாதேங்கோ" என்று சொல்லிக் காட்டி, அர்த்தமும் சொன்னேன்.

"பியோர்னுக்கா?"

"யா" என்றேன்.

சிரித்துக்கொண்டு தோளில் தட்டினார். டேனிஷில் ராணியைத் தவிர எல்லாருக்கும் ஒரே 'நீ'தான், அதனால் அவருக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. தவம் பக்கத்தில் இருந்திருந்தால் உடனே பிடித்திருப்பான். கரடிக்கு யாராவது 'போகாதேங்கோ' என்று மரியாதை போடுவார்களா? சுவீடன் காட்டுக்குள் ஒரு டேனிஷ்காரருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கள் ஊர்ச் சந்தியை நோக்கிப் பையோடு நடந்துபோகிற அண்ணனைத்தான் நான் மறித்துக்கொண்டிருந்தேன்.