எதிராளி கையில் என் தோள்

எழுபதுகளின் நடுவில், பூதலூர் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது. நாளிதழ் நிருபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். தை மாதம் திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று. ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. சட்டை போடவே மனைவி உதவ வேண்டும். தஞ்சாவூரில் போட்ட ஊசி வலியைக் குறைத்தது, கை எழும்பவில்லை. தாலி கட்டும்போது இன்னொருவர் என் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமா என்பதுதான் கவலை.

ஊரில் உடம்பு பிடித்துவிடுவதில் பேர் வாங்கியவர் ஒருவர்தான். சிக்கல் என்னவென்றால், எங்கள் நிலத்தைச் சாகுபடி செய்தவரும் அவரே. தன்னைக் குத்தகைதாரராகப் பதிய வேண்டும் என்று அவர் மனுப் போட, நான் ஆட்சேபிக்க, விசாரணை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குள் பேச்சு நின்று போயிருந்தது. மனைவிதான் ஆள் அனுப்பினாள்.

வந்தார். உடனே எண்ணெயைத் தொடவில்லை. எந்தப் பக்கம் படுக்கிறேன், தூக்கம் வருகிறதா, வயிறு எப்படி என்று கேட்டார். பிறகு கையை மெல்ல அசைத்துப் பார்த்தார். நான் விறைத்தேன்.

"தளர விடுங்கய்யா. கேஸு தாலுகா ஆபீஸ்ல கெடக்கு. இங்க கை மட்டுந்தான்."

"பிடியில இருக்கறப்பவே மனுவுல கையெழுத்து வாங்கிடுங்க" என்றாள் மனைவி.

"கையெழுத்துப் போடவும் கை வேணுமேம்மா!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். வெதுவெதுப்பான நல்லெண்ணெய், நொச்சி இலை ஒத்தடம், கழுத்திலிருந்து முதுகுவரை நிதானமான அழுத்தம். வலித்தால் நிறுத்திவிடுவார். சுவரில் விரல்களை மேலே நகர்த்திப் பழகச் சொன்னார். முதலில் திரும்பி வந்தது தூக்கம். கை பிறகுதான்.

மார்கழியில் விசாரணை. தாலுகா அலுவலக வராந்தாவில் எதிர்ப்பட்ட அவர், "எங்க, தூக்குங்க பாப்போம்" என்றார். தூக்கினேன், தலைக்கு மேலே போயிற்று. என் வக்கீல் பதறி ஓடிவந்தார்: "என்ன சார், ஒத்துக்கிட்டீங்களா?"

உள்ளே போய் இருவரும் வழக்கம்போல ஒருவரையொருவர் மறுத்துப் பேசினோம். தை மாதம் மூன்று முடிச்சையும் நானே போட்டேன்.

வழக்கில் பின்னர் அவர்தான் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு இன்னும் ஆட்சேபம் உண்டு. அவர் வைத்தியத்தைப் பற்றி எதுவும் இல்லை. நான் எதற்குக் கோபப்படுவேன், எதை நினைத்துத் தூங்காமல் கிடப்பேன் என்பதுவரை அறிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான் என் தோள் திரும்பக் கிடைத்தது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.