மலையேறாத சாமி

எங்கள் வீட்டில் இரண்டு சாமிகள் இருந்த காலத்தில் நான் ஆறாம் வகுப்பு படித்தேன். வகுப்பில் வேறு யார் வீட்டிலும் ஒரு சாமிகூடக் கிடையாது. அந்தத் திமிரில் நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

முதல் சாமி பெரியப்பா. விராலிமலைக்குப் பக்கத்தில் நான்கு வழிச்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை, படையலன்று, உறுமி அடித்ததும் அவர்மேல் கருப்பர் இறங்குவார். அரிவாள்மேல் ஏறி நின்று குறி சொல்வார். ஊரே கைகட்டி நிற்கும். சூடம் ஏற்றித் திருநீறு பூசினால் கருப்பர் மலையேறிவிடுவார். பெரியப்பா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்ன சொன்னேன் என்று எங்களிடமே கேட்பார். மறுநாள் காலையில் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு, பெரியம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது சாமி சித்தப்பா. திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர், திடீரென்று ஊருக்கு வந்து, தனக்கு ஞானம் கிடைத்துவிட்டது என்றார். உறுமியும் வேண்டாம், சூடமும் வேண்டாம், எந்நேரமும் பேசினார். மயில் அகவினால் முருகன் தன்னோடு பேசுவதாகச் சொன்னார். எங்கள் பக்கம் மயிலுக்கா பஞ்சம்? முருகன் ஓயாமல் பேசினார். சித்தப்பா தூங்கவில்லை, தவம் என்றார்கள். சோற்றை ஒதுக்கினார்; விரதம் என்றார்கள். யாரோ அவர் பேச்சைப் படம்பிடித்து யூடியூபில் போட, வாசலில் கார்கள் வந்து நின்றன. வருகிறவர்களுக்குச் செருப்பு விடும் இடத்தைக் காட்டும் பெரிய பதவி எனக்குக் கிடைத்தது.

பெரியப்பா மட்டும் அந்தப் பக்கம் முகம் காட்டவில்லை. "வந்த சாமி மலையேறணுங்க. ஏறலைன்னா அது சாமி இல்ல, சீக்கு. டாக்டர்ட்ட காட்டணும்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். தம்பிமேல் பொறாமை என்று ஊர் முடிவு கட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, இந்த உடம்பு இனித் தேவையில்லை, தண்ணீரும் தொடமாட்டேன் என்று சித்தப்பா அறிவித்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் மத்தியானம் அவருக்கு உதடு வெடித்து, நாக்கு குழறியது. சித்தி அழுதுகொண்டே செம்பில் தண்ணீர் கொண்டுபோனார். பக்தர்கள் மறித்தார்கள்.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். கையில் ஒட்டியிருந்த டயர்க் கரியைக்கூடத் துடைக்காமல் வாசலில் நின்று, உடம்பை உதறி, ஒரு சத்தம் போட்டார். உறுமி இல்லாமல் கருப்பர் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"டேய்! இவன் எம்புள்ளடா. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேருங்கடா. எவன் மறிக்கிறானோ அவன் வீட்டுக்கு வாரேன்!"

கூட்டம் விலகியது. சித்தப்பாவே கைகூப்பி எழுந்தார். ஆட்டோவில் ஏறும்போது கருப்பர், பின்னாலேயே ஓடிவந்திருந்த பெரியம்மா பக்கம் திரும்பி, அதே குரலில், "தாயி, அவன் ஆதார் கார்டு, காப்பீட்டு கார்டு ரெண்டையும் எடுத்துட்டு வா" என்று கட்டளையிட்டார். சூடம் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆட்டோ கிளம்பியபோது அவர் தம்பியை மடியில் சாய்த்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கருப்பருக்கு ஆதார் கார்டுகூடத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் பல நாள் பீற்றிக்கொண்டேன்.

சித்தப்பா மெல்லத் தேறினார். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார், விராலிமலையில் செல்போன் கடை நடத்துகிறார். விடியற்காலையில் மயில் அகவினால், "தூங்க விடுதா பாரு, சனியன்" என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார்.

அடுத்த படையலில் உறுமி முழங்கியது. பெரியப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றார். பூசாரி வந்து கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. "எனக்கு இனிமே வராதுங்க. வேற ஆளப் பாருங்க" என்றார். கருப்பர் அவரைக் கைவிட்டுவிட்டார் என்றது ஊர். எனக்கு அவமானமாகிவிட்டது. சில நாள் அவரோடு பேசவே இல்லை.

இறங்காத கருப்பரை இறங்கியதாகக் காட்டிய பிறகு, அந்தச் சந்நிதியில் மறுபடி ஆட அவருக்கு மனம் ஒப்பவில்லை. வாழ்நாளில் அவருக்கு இருந்த ஒரே மரியாதையைத் தம்பியின் உயிருக்காக விட்டுவிட்டு, வாய் திறக்காமல் கடைசி வரிசைக்குப் போயிருக்கிறார். ஆறாம் வகுப்பு மண்டைக்கு இதெல்லாம் எங்கே எட்டும்? கருப்பர் கைவிட்ட ஆள் என்றுதான் ஊர் இன்றும் சொல்கிறது. அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அந்த மனிதரைப் பெரியப்பா என்று கூப்பிட எனக்கு வாய்த்திருக்கிறது.