ஓரத்தில் ஒருவழிப் பாதை

கதவைப் பூட்டி, திறந்து, மறுபடியும் பூட்டி இழுத்துப் பார்ப்பாள் சிவசங்கரி. காய்கறிக் கடையில் ஒவ்வொரு தக்காளியையும் திருப்பிப் பார்ப்பாள். முத்தியால்பேட்டைக் கடைக்காரர்கள் அவள் தலை தெரிந்தாலே பெருமூச்சு விடுவார்கள். "எதையும் ரெண்டு பக்கமும் பாத்துடணும்" என்பாள். மில் தொழிலாளி தணிகாசலத்தின் மகள். கல்லூரியில் இயற்பியல் ஆய்வு மாணவி.

ஆய்வகத்தில் அவளுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மின்சாரம் பாய்ந்து ஊதாவாக எரியும் வாயு, பிளாஸ்மா என்பார்கள். வெளியே காந்தச் சுருள்கள். மைக்ரோ அலையை அனுப்பினால் அது வாயுவுக்குள் புக முடியாமல், வாயுவும் கண்ணாடியும் தொட்டுக்கொள்ளும் ஓரத்தைப் பற்றிக்கொண்டே ஓடும். இடது முனையில் அனுப்பி, வலது முனையில் பிடிப்பாள். வருடக்கணக்கில் இதே வேலை. ஆய்வேடு பைண்டிங் கடைக்கே போய்விட்டது.

கருத்தரங்கில் காட்ட இன்னொரு படம் வேண்டியிருந்தது. சும்மா, வலதிலிருந்து அனுப்பிப் பார்த்தாள். திரையில் ஒன்றுமே இல்லை. வெறும் கோடு.

"ராமதாஸ் அண்ணே, கேபிள் போயிடுச்சு போல."

டெக்னீஷியன் இராமதாஸ் கேபிளை மாற்றினார், ஆன்டெனாவை மாற்றினார். "எல்லாம் நல்லாத்தான் மேடம் இருக்குது."

கோடு அசையவில்லை. இடதிலிருந்து அனுப்பினால் மட்டும் அலை துள்ளிக்கொண்டு வந்தது.

"காந்தத்துக்குப் போற கரண்ட திருப்பி வுடுங்கண்ணே."

திருப்பினார். இப்போது வலதிலிருந்து வந்தது; இடதிலிருந்து வரவில்லை. போகும் திசையைக் காந்தம்தான் தீர்மானித்தது. போன அலைக்குத் திரும்பி வர வழியே இல்லை.

'இரு திசையிலும் ஒன்றுபோலவே செல்லும்' என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாள். அளந்ததோ ஒரு திசையில்தான். மறுதிசையை அளக்கவே தோன்றவில்லை. அவளுக்கா!

வழிகாட்டிப் பேராசிரியர் ஹரிகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள்.

"சார், மூணாவது அத்தியாயம் தப்பு."

"என்னம்மா சொல்ற? அடுத்த மாசம் ஆய்வேட்டக் குடுக்கணும். இப்ப நிறுத்துனா ஒரு வருஷம் போயிடும்."

"போவட்டும் சார். பைண்டிங் வேணாம்னு சொல்லிடறேன்."

போனை வைத்தவள் அந்த ஊதா வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கோயில் வாசலில் செய்வதுபோல், செருப்பைக் கழற்றினாள்.

"மேடம், ஷாக் அடிச்சிடப் போவுது! செருப்பப் போடுங்க!" என்று கத்தினார் இராமதாஸ்.

அவள் வெறுங்காலோடு பெட்டியை நோக்கி நடந்தாள்.