நாங்கள் அடிக்காத பச்சை

1. நூற்றுக்கு நூறு

குருசுக்குப்பத்தில் ஒரு நாய்கூட விடுபடாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது என்று எங்கள் அலுவலகத்தில் லட்டு வழங்கிய காலையில், எனக்கு மட்டும் அதைத் தின்ன மனம் வரவில்லை. விலங்குகளிடையே நோய் பரவும் விதத்தை ஆராய்வதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவனுக்கு நூற்றுக்கு நூறு என்ற எண்ணைக் கண்டால் முதலில் வருவது எரிச்சல்தான். பத்தில் ஏழு நாய்களுக்குப் போட்டுவிட்டாலே நோய் அடுத்த நாய் கிடைக்காமல் ஓய்ந்துபோகும். அந்த அளவை எட்டுவதற்குள்ளேயே நமக்கு மூச்சு வாங்கும்.

ஓய்வுபெற்ற பிறகு ஆலோசகராக மீண்டும் சென்றிருந்தேன். அந்த ஆண்டு மாசியில் என் மனைவி காலமாகியிருந்தார். வேலையை ஏற்றுக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை.

குப்பத்தில் சுற்றிய ஒரு நாய்க்கு வெறிநோய் இருந்தது ஆய்வுக்கூடத்தில் உறுதியானதால் நடத்தப்பட்ட முகாம் அது. முறை எளிமையானது. ஊசி போட்ட நாயின் முதுகில் பச்சை மார்க்கிங் ஸ்ப்ரே அடிப்போம். மறுநாள் இருவர் பைக்கில் தெருத்தெருவாகச் சென்று, பச்சை உள்ள நாய்களையும் இல்லாத நாய்களையும் எண்ணுவார்கள். அந்த விகிதம்தான் கவரேஜ்.

படகுகள் கரைக்கு வரும் விடியலில்தான் குப்பத்து நாய்கள் ஓரிடத்தில் கூடும். முகாமை வெயில் ஏறிய பிறகு வைத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ஆபீஸ் டைம் சார்" என்று பதில் வந்தது. நாய்கள் சிதறி ஓட, எங்கள் ஆட்கள் கம்பு வலையுடன் பின்னால் ஓடினார்கள். அகப்பட்டவை சொற்பம்.

எங்கள் கால்நடைத்துறை இயக்குநர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். அவரிடம் கேட்டேன். "முகாமுக்கு வந்த நாயே கம்மி. எண்ணும்போது மட்டும் எல்லாம் எப்படிப் பச்சையாச்சு?"

"எல்லாம் பச்சையா இருக்கு சார், நானே போட்டோ பாத்தேன். ரிப்போர்ட் மேல போயிடுச்சு. மிச்ச மருந்த மூலக்குளத்துக்கு அனுப்பப்போறோம். நல்லது நடந்தாக்கூட ஒங்களுக்கு சந்தேகமா? லட்டு எடுங்க சார்."

லட்டை மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

2. ஏழு வருச கேரண்டி

முந்தைய இரவு நல்ல மழை. எங்கள் ஸ்ப்ரே ஒரு மழைக்கே வெளுத்துவிடும் தரத்தில் வாங்கப்பட்டது. அதற்காகவும் நான் சண்டை போட்டிருந்தேன். ஆனால் குருசுக்குப்பத்தில் நாய்கள் பளபளவென்று திரிந்தன. ஒன்றைக் கூப்பிட்டு நகத்தால் சுரண்டினேன். முடியோடு சேர்ந்து தகடாகப் பெயர்ந்தது. படகுக்கு அடிக்கும் எனாமல்.

வலை பிரித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிரித்தார்கள்.

"என்னா சார் சொரண்டுறீங்க? ரெண்டு கோட்டு அடிச்சிருக்கோம். ஏழு வருசம் கேரண்டி!"

"எதுக்குப்பா அடிச்சீங்க?"

"பச்ச அடிச்ச நாய ஒங்க ஆளுங்க தொரத்தல. அடிக்காததத்தான் வலையத் தூக்கினு தொரத்துனாங்க. பாத்தோம். நாங்களே அடிச்சுட்டோம். முன்ன வண்டில ஏத்தினு போன நாயிங்க ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அவர்கள் கவனித்ததிலும் பிழையில்லை, அதிலிருந்து எட்டிய முடிவிலும் பிழையில்லை. அந்தப் பச்சை நிறம் நாய்களைக் காப்பாற்றத்தான் செய்தது, எங்களிடமிருந்து. இந்தப் பச்சை எதற்கு என்று எங்கள் ஒலிபெருக்கி ஒரு வாக்கியம்கூடச் சொல்லியிருக்கவில்லை. இயக்குநரின் பெயரை மட்டும் இரண்டு முறை சொல்லியிருந்தது.

"அந்த வெறிநாய் வேறெந்த நாயையாவது கடிச்சுதா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. ஒருவன் தெருமுனையைப் பார்த்தான்.

3. அஞ்சலையின் கை

தெருமுனையில் அஞ்சலை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பலகைக்கு அடியில் படுத்திருந்த செவலை நாயின் காது கிழிந்திருந்தது. காயத்தில் மஞ்சள் அப்பியிருந்தது, முதுகில் பச்சை.

"இதுக்கு ஊசி போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு சார். பச்ச தெரியல?"

"மஞ்சள் யார் வச்சது?"

"நான்தான். ஜிம்மி வேற யாரையும் கிட்ட உடாது."

அவர் விரல்களைப் பார்த்தேன். செதிலும் முள்ளும் கீறிய கீறல்கள். வெறிநாயின் எச்சில் பட்ட காயத்தை அந்த விரல்களால்தான் தடவியிருக்கிறார். கடிபடும் முன்பே, எந்த ஆண்டிலாவது, நாய்க்கு ஊசி போட்டிருந்தால் இன்னொரு ஊசியும் சில வாரக் கண்காணிப்பும் போதும். போடாதிருந்தால் பல மாதம் கட்டிவைக்க வேண்டும். தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். எப்படியானாலும் அவர் அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஆனால் ஊசி போட்ட நாய்தான் என்று சாதிப்பவர் எதற்குப் போவார்? நிலைமையைச் சொன்னேன்.

"நெசத்தச் சொன்னா புடிச்சினு போயிடுவீங்க."

"மாட்டோம். ஒங்க வூட்டுலயே கட்டி வைக்கலாம்."

"ஒங்க வூட்டம்மா மேல சத்தியம் பண்ணுங்க சார்."

"அவங்க இல்லம்மா. மாசில போயிட்டாங்க."

அஞ்சலை கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயி திரும்பி வராதவரு. இது அவரு வளத்தது" என்றார். பிறகு, "ஊசியே போட்டதில்ல சார்" என்றார்.

என் வீட்டில் மனைவியின் மூக்குக்கண்ணாடி அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.

4. இரண்டாம் கட்டம்

இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மறுபடி எப்படி சார் போடுறது? ஏற்கெனவே நூறு பர்சென்ட். இன்னும் போட்டா நூறத் தாண்டிடுமே!"

வெறிநோய் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் பெற்றவர் இதைச் சொன்னார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

"இரண்டாம் கட்டம்னு பேர் வை."

அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. ஜிம்மியைக் கொன்றுவிடலாம் என்ற யோசனையை மட்டும் விடவில்லை. விதிப்படி அதற்கு இடமிருந்தது. தனிமைப்படுத்திக் கட்டிவைக்கவும் இடமிருந்தது. அந்தப் பொறுப்பு என்னுடையது என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் விட்டார்.

மூலக்குளத்துக்குப் புறப்படவிருந்த மருந்துப் பெட்டியை நிறுத்தி, விடியலில், வலையில்லாமல், படகுகள் வரும் நேரத்துக்குப் போனோம். பச்சை எதற்கென்று முதலில் சொன்னோம். ஏழு வருச கேரண்டி கொடுத்த இளைஞர்களே நாய்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். பச்சைமேல் பச்சை தெரியாது என்பதால் இம்முறை சிவப்பு அடித்தோம். எண்ணிக்கையில் பத்துக்கு எட்டு வந்தது. நான் நம்பினேன்.

ஜிம்மிக்கும் ஊசி போட்டோம், காலம் கடந்திருந்தது. சில வாரம் கழித்து அஞ்சலை போன் செய்தார். "கொரலு மாறிப்போச்சு சார். தண்ணி எறங்கல." போனேன். கொல்லையில் ஜிம்மி தென்னையோடு சங்கிலியில் நின்றிருந்தது. யாரையும் கடித்திருக்கவில்லை. வலியில்லாமல் தூங்கவைக்கும் கடைசி ஊசியை அங்கேயே போட்டேன்.

"சொன்னபடி வண்டி வரல சார்" என்றார் அஞ்சலை. அவ்வளவுதான்.

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது சிறிது. அடையாளம் வைப்பதற்கு முன், அது எதற்கு என்று அங்கே வாழ்பவர்களிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு பொருள் கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலும் நம்மிடம் பட்ட அனுபவத்திலிருந்தே சரியாகக் கண்டுபிடிப்பார்கள். எண் அழகாக வந்தால் நேரில் போய்ச் சுரண்டிப் பாருங்கள்.

ஆண்டறிக்கையில் ஜிம்மி இல்லை. நூற்றுக்கு நூறு இருக்கிறது. திருத்தச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். அஞ்சலை இன்றும் அதே தெருமுனையில் மீன் வெட்டுகிறார். வாரம் ஒருமுறை, தேவையில்லாவிட்டாலும், அவரிடம் வாங்குகிறேன்.